எந்த ஊர்ப் பட்டை என்பதல்ல, எப்படிப்பட்ட பட்டை என்பதே கேள்வி



மாற்றுப் பொருள்களைப் பற்றிப் பேசும் இந்த அமர்வில் எனக்குக் கிடைத்திருப்பது சின்னத் தலைப்பு. கைக்கடிகாரத்துக்கு நாம் தனியாக வாங்கிப் போடும் உலோகப் பட்டை எங்கே செய்யப்படுகிறது, அதன் தரம் எப்படி என்பதுதான் அது. முன்னால் பேசியவர்கள் கார் உதிரிப் பாகம், கைத்தொலைபேசி மின்கலம் என்று பெரிய பொருள்களை எடுத்துக்கொண்டார்கள். இருந்தாலும் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அப்பாவோ தாத்தாவோ கட்டிய ஒரு கடிகாரம் அங்கே கிடக்கும். ஆட்டினால் இன்னும் ஓடும், ஆனால் பட்டை அறுந்திருக்கும். நிறுவனத்தில் கேட்டால், அந்தப் பட்டையை இப்போது செய்வதில்லை என்பார்கள்.

உடனே கடைக்குப் போகிறோம். 20 வெள்ளிக்கு ஒரு பட்டை, 250 வெள்ளிக்கு ஒரு பட்டை, இரண்டும் பளபளக்கின்றன. நாம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இது எந்த ஊர்?" கடைக்காரர் "சீனா" என்றால் உதட்டைப் பிதுக்குகிறோம். "ஜப்பான்" என்றால் பணப்பையைத் திறக்கிறோம். இந்தக் கேள்வி நம்மைக் காப்பாற்றாது என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த கருத்து.

அசல் பட்டையும் வெளியில் செய்ததுதான்

புகழ்பெற்ற கடிகார நிறுவனங்கள் பட்டையையும் தாங்களே செய்தன என்று நினைக்கிறோம். பல நிறுவனங்கள் அப்படிச் செய்யவில்லை. ஜெனீவாவில் 1835ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கே ஃப்ரேர் என்ற நிறுவனம் ரோலெக்ஸ், பட்டேக் பிலிப், செனித் போன்றவற்றுக்குப் பட்டை செய்து கொடுத்தது. 1972ல் வெளிவந்து உலகமே பேசிய ஆடெமார் பிகேயின் ராயல் ஓக் கடிகாரத்தின் பட்டையும் அவர்கள் கைவேலைதான். 1998ல்தான் ரோலெக்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது.

ஜெர்மனியில் பிஃபோர்ஸ்ஹைம் என்ற ஊர் நகைத் தொழிலுக்குப் பேர்போனது. கம்பியைப் பின்னிச் செய்யும் மிலனீஸ் பட்டைக்கு அந்த ஊர் இன்றும் பெயர் பெற்றது. அங்கிருந்து அமெரிக்கா சென்ற ஸ்பைடல் குடும்பத்தின் நிறுவனம் 1959ல் 'டுவிஸ்ட் ஓ ஃபிளெக்ஸ்' என்ற விரியும் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும், நடுவில் கை முடியையும் பிடுங்கும். அரங்கில் பெரியவர்கள் சிரிக்கிறீர்கள், நினைவு வந்துவிட்டது போலிருக்கிறது!

நம் பக்கத்துக்கு வருவோம். ஹாங்காங்கில் 1963ல் ஸ்டெலக்ஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. பழைய சீக்கோ கடிகாரப் பட்டைகள் சிலவற்றின் உள்பக்கத்தில் அதன் பெயர் பொறித்திருக்கும். ஜப்பான் கடிகாரம், ஹாங்காங் பட்டை! நம் பேரங்காடிகளில் பார்த்துப் பழகிய சிட்டி செயின் கடைகளும் அந்தக் குழுமத்திலிருந்து வந்தவைதான்.

1980ல் ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஹாங்காங்கில் கூலியும் வாடகையும் ஏற ஏற, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டி குவாங்டோங் மாநிலத்துக்குப் போயின. இன்று தனியாக விற்கும் எஃகுப் பட்டைகளில் பெரும்பகுதி ஷென்ஜென், டோங்குவான், குவாங்ஜோ ஆகிய நகரங்களைச் சுற்றியுள்ள பட்டறைகளிலிருந்து வருகிறது. 20 வெள்ளிப் பட்டையும் அங்கிருந்துதான் வருகிறது, 250 வெள்ளிப் பட்டையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முகப்பில் 'ஜப்பான் மூவ்மெண்ட்' என்று போட்டிருந்தால் உள்ளே இருக்கும் இயந்திரத்தை மட்டுமே அது குறிக்கும். பட்டையைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சீக்கோ 5 கடிகாரங்கள் பலவற்றில் ஓடிய 7எஸ்26 இயந்திரத்தைத் திறந்து பார்த்தால், சிலவற்றில் சிங்கப்பூர் என்றும் சிலவற்றில் மலேசியா என்றும் பொறித்திருக்கும். ஊர்ப் பெயரை வைத்துத் தரத்தை எடைபோடுகிறவர்கள் நம் ஊருக்கு எத்தனை மதிப்பெண் போடுவார்கள்?

விலை எங்கே போகிறது?

அப்படியானால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எஃகின் விலை பெரிய காரணமல்ல. வேலைப்பாடும் சோதனையும்தான் பணத்தைத் தின்கின்றன.

மலிவான பட்டையில் மெல்லிய தகட்டை அச்சில் அடித்து, மடித்து, கண்ணி செய்கிறார்கள். உள்ளே வெறும் காற்றுதான். நல்ல பட்டையில் கண்ணி திடமான எஃகு. அதை வெட்டி, துளையிட்டு, விளிம்பு மழுக்கி, மெருகேற்ற வேண்டும். ஐந்து வரிசைப் பட்டை ஒன்றில் நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துளையும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பட்டை முழுவதும் ஆட்டம் காணும். பிசகியதை ஒதுக்கித் தள்ள ஓர் ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும். ஒதுக்கச் சொல்லும் வியாபாரிக்கு ஒரு விலை, "எல்லாவற்றையும் பெட்டியில் போடு" என்பவருக்கு ஒரு விலை. ஒரே தெருவில், ஏன், ஒரே கூரையின் கீழும் இரண்டு தரம் உருவாவது இப்படித்தான்.

அடுத்து, எஃகின் வகை. பட்டைக்கு ஏற்றது 316எல் என்கிறார்கள். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்திருக்கும். உப்பையும் வியர்வையையும் தாங்குவதற்கு அது உதவும். சமையல் பாத்திரங்களில் நாம் காணும் 304 வகையில் அது சேர்க்கப்படுவதில்லை. நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் 316எல் நல்லது. ஆனால், இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. காந்தத்தை வைத்துப் பார்க்கிறேன் என்பார்கள். இரண்டுமே காந்தத்தில் அவ்வளவாக ஒட்டாது. படக்கென்று ஒட்டினால் வேண்டாம் என்று வைத்துவிடலாம், ஒட்டாவிட்டால் அது 316எல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் விற்பவரின் நாணயத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை

மற்றவற்றை உங்கள் கையே சொல்லிவிடும். முதலில், காது கொடுங்கள். எங்கள் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிப்பதிவாளர் என்னிடம் அடிக்கடி சொல்வது, "கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுங்கள்." சட்டையில் குத்திய சிறு ஒலிவாங்கிக்கு உள்ளீடற்ற பட்டையின் கலகல சத்தம் அப்படியே கேட்கும். திடமான பட்டை அவ்வளவு சத்தம் போடாது. கடையில் காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள், புரிந்துவிடும்.

இரண்டாவது, பட்டையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடியுங்கள். புதுப் பட்டையே கயிறு போலத் தொங்கினால் துளைகள் தளர்வாக இருக்கின்றன என்று பொருள். 'பட்டை நீண்டுவிட்டது' என்கிறோமே, எஃகு அங்கே நீளவில்லை. கண்ணிகளுக்கிடையே அழுக்கும் வியர்வையும் சேர்ந்து அரம்போல் அராவி, ஊசியையும் துளையையும் தேய்த்துவிடுகின்றன. மாதம் ஒருமுறை மென்மையான பல்துலக்கியால் சவர்க்கார நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கடிகாரம் நீர் புகாததாக இல்லாவிட்டால் பட்டையைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது, கடிகாரத்தின் காதுகளுக்கு நடுவே உட்காரும் முனைக்கண்ணி. இடைவெளி தெரிந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ வேண்டாம். பட்டை கெட்டால் வேறு வாங்கலாம். ஆடும் முனைக்கண்ணி கடிகாரத்தின் காதையே அராவிவிட்டால் அப்பாவின் கடிகாரத்துக்கு மாற்று ஏது?

நான்காவது, பூட்டு. வெட்கப்படாமல் இருபது தடவை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி 'டக்' என்று விழ வேண்டும். விளிம்பில் விரலை ஓட்டுங்கள், கூராக இருந்தால் கையையும் கிழிக்கும், சட்டையையும் கிழிக்கும்.

ஐந்தாவது, எல்லாவற்றையும்விட முக்கியம், கடிகாரத்தையும் பட்டையையும் இணைக்கும் ஸ்பிரிங் ஊசி. சில வெள்ளிதான் அதன் விலை. கடிகாரம் கையிலிருந்து நழுவி வடிகாலில் விழுந்தால், பெரும்பாலும் அது செய்த வேலையாகத்தான் இருக்கும். சீக்கோவின் முக்குளிப்புக் கடிகாரங்கள் பலவற்றுக்கு 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி வேண்டும். சாதாரண ஊசி 1.5 அல்லது 1.8 மில்லிமீட்டர்தான். பட்டையின் துளை எந்த ஊசிக்கு என்று கேட்காமல் வாங்காதீர்கள். '22 மில்லிமீட்டர் அகலம், பொருந்தும்' என்ற பதில் மட்டும் போதாது.

தோலும் நேர்மையும்

மணிக்கட்டில் அரிப்பு வருகிறதென்றால் நிக்கல் உலோகம் காரணமாக இருக்கலாம். 316எல் எஃகிலும் நிக்கல் உண்டு, ஆனால் வெளியே கசிவது மிகக் குறைவு. மலிவான உலோகத்தின் மேல் முலாம் பூசிய பட்டையில்தான் ஆபத்து அதிகம். ஐரோப்பிய ஒன்றியம் 1994லேயே இதற்குச் சட்டம் இயற்றியது. தோலில் படும் பொருளிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக்கூடாது என்பது அதன் அளவு. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் பட்டையா என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தருகிறவர் தம் சரக்கை அறிந்தவர்.

கடைசியாக ஒன்று. பூட்டின் மேல் பெரிய நிறுவனத்தின் சின்னத்தைப் பொறித்து, 'அசல் மாதிரியே' என்று நீட்டுவார்கள். அந்த நிறுவனம் செய்யாத பொருளில் அதன் சின்னத்தைப் பொறித்தால் அது மாற்றுப் பொருள் அல்ல, போலி. நம் நாட்டுச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. சொந்தப் பெயரைப் பொறித்தோ, பெயரே இல்லாமலோ வரும் பட்டை, தான் யார் என்பதை மறைக்கவில்லை. சின்னத்திலேயே பொய் சொல்கிறவர், எஃகில் மட்டும் உண்மை பேசுவார் என்று எப்படி நம்புவது?

நேயர்களே, நல்ல மாற்றுப் பட்டை உண்டு. நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது. நிறுவனம் கைவிட்ட ஒரு கடிகாரத்தை அது இன்னும் பல்லாண்டு நம் கையில் தங்க வைக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். குலுக்குங்கள், நீட்டுங்கள், ஆட்டிப் பாருங்கள், பூட்டிப் பாருங்கள், ஊசியைக் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடம் பொறுக்காத கடைக்காரரிடம் வாங்காமல் வருவதும் நல்ல வியாபாரம்தான்.