தனிநாயகம் அடிகளாரும் எங்கள் பிள்ளைகளின் சமய பாடமும்



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, இல்ஃபோர்ட்டில் நான் படிப்பிக்கும் தமிழ் வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவனின் தகப்பனார் வந்தார். "மாஸ்டர், பள்ளிக்கூடத்தாலை இவனைப் பள்ளிவாசல் பாக்கக் கூட்டிக்கொண்டு போகினமாம். எனக்கு விருப்பமில்லை. ஒரு கடிதம் எழுதித் தாங்கோ" என்றார்.

அவர் கேட்டதில் சட்டப்படி பிழை இல்லை. இங்கிலாந்தில் பெற்றோர் தம் பிள்ளையைச் சமய பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இருந்த அந்த உரிமை இன்றும் உண்டு. நாலு வரி எழுதினால் போதும். ஆனாலும் எனக்குக் கை ஓடவில்லை.

ஏனென்றால், அப்படியொரு கடிதத்தை நானும் எழுதியிருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், என் மூத்த மகளை வகுப்போடு தேவாலயம் பார்க்கப் போகவிடவில்லை. ஊரும் போய்விட்டது, வீடும் போய்விட்டது, மிஞ்சியது மொழியும் சமயமும்தான், அதிலும் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்ற பயம். அன்றைக்கு அவள் வேறொரு வகுப்பில் தனியே இருந்து படம் கீறினாளாம். கனகாலத்துக்குப் பிறகுதான் சொன்னாள்.

நாங்கள் படித்த முறையும் வேறு. ஊரில் சமய பாடம் என்றால் சைவப் பிள்ளைகள் ஓரிடம், கத்தோலிக்கப் பிள்ளைகள் இன்னோரிடம். பக்கத்து வாங்கில் இருந்தவன் என்ன படித்தான் என்று எங்களுக்குத் தெரியாது. இங்கே எல்லோரும் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமய ஆய்வுக்கென ஒரு துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட் என்ற பேராசிரியருக்கு இதில் பெரிய பங்குண்டு. ஒரு சமயத்தை நம்பு என்று படிப்பிப்பது அல்ல, அதை நம்புகிறவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்று விளங்கப்படுத்துவதே பாடம் என்றார். 1988ஆம் ஆண்டுச் சட்டமும், கிறிஸ்தவத்துக்கு முதன்மை கொடுத்தாலும், இந்நாட்டிலுள்ள மற்றப் பெரிய சமயங்களையும் பாடத்திட்டம் கணக்கில் எடுக்கவேண்டும் என்றது.

இது வெள்ளைக்காரரின் யோசனை, எங்களுக்கு எதற்கு என்று அவர் கேட்கக்கூடும். ஆகவே அவருக்குத் தனிநாயகம் அடிகளாரைப் பற்றிச் சொன்னேன்.

அடிகளார் 1913இல் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில் பிறந்தவர். ரோமில் படித்த கத்தோலிக்கக் குரு. 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை வைத்து அவரை எல்லோரும் அறிவோம். அவர் இதே லண்டனில் செய்த ஆய்வை அறிந்தவர் குறைவு. 1950களில் லண்டன் பல்கலைக்கழகத்தில், பண்டைத் தமிழ் இலக்கியத்திலுள்ள கல்விச் சிந்தனையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். பண்டைய இந்தியக் கல்வியின் வரலாற்றை வடமொழி, பாளி நூல்களை மாத்திரம் வைத்து எழுதினால் போதாது, தமிழையும் பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஆதி ஆசிரியர்கள் யார்? ஊரூராகத் திரிந்த பாணர், புலவர், பின்னர் சமண, பௌத்தத் துறவிகள். தமிழ்ப் பிள்ளைக்கு அறம் சொன்னவர்கள் ஒரே சமயத்தவர் அல்லர்.

மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். வஞ்சி நகரில் அவள் சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், சமணர், சாங்கியர், பூதவாதி என்று ஒவ்வொருவரிடமும் போய், உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இளம்பெண் என்றால் மதித்துப் பதில் சொல்லமாட்டார்கள் என்று தவசியின் உருவத்தில் போகிறாள். பௌத்த நூல், ஆகவே மற்றவர்களுக்குச் சாத்தனார் முழு நியாயம் செய்தாரா என்பது வேறு விவாதம். பூதவாதியின் பேச்சுக்கு அவள் சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் கேட்டுவிட்டுத்தான் சிரிக்கிறாள்.

"அவள் கடைசியிலை சமயம் மாறிப்போனாளே, மாஸ்டர்?" என்றார் தகப்பனார்.

"இல்லைத் தம்பி. போகேக்கையே அவள் புத்தரின்ரை வழிதான். தாய் மாதவி அப்பிடித்தான் வளர்த்தவள். இத்தனை பேரின்ரை கதையைக் கேட்டும் அது குலையேல்லை."

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லாப் பிள்ளையளும் மணிமேகலை இல்லையே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் என் பயமும் அதுவாகத்தான் இருந்தது.

வாசலில் நின்ற பொடியன், "அங்கையும் எங்கடை கோயில் மாதிரிச் சப்பாத்துக் கழற்ற வேணுமா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அப்ப காலுறை ஓட்டையில்லாததாப் போடவேணும்" என்றான். தகப்பனார் சிரித்துவிட்டார். ஆனாலும் முடிவு சொல்லவில்லை. "வீட்டிலை மனுசியோடையும் கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்று போனார்.

பயணம் வருகிற வியாழக்கிழமை. கடிதம் இன்னும் எழுதப்படவில்லை.