போனை அணைத்தால் வட்டி நிற்குமா?

கிரெடிட் கார்டு பாக்கி கழுத்தை நெரித்தால் பலர் போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்கிறார்கள். வட்டி ஒளியாது, மாதம் மூன்றரை சதவீதம் என்றாலே வருஷத்துக்கு 42 ஆகிவிடும்.

அதைவிட வங்கிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேலை போனது, ஆஸ்பத்திரிச் செலவு என்று உள்ளதைச் சொல்லி, ஒரே தவணையில் எவ்வளவு தர முடியும் என்று குறிப்பிடுங்கள். வீம்புக்கு முடியாத தொகையை எழுத வேண்டாம்.

வசூல்காரர் போனிலேயே, "பாதி கட்டுங்க சார், முடிச்சிடலாம்" என்பார். வங்கியின் லெட்டர்ஹெட்டில் அது வரும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று, குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'செட்டில்ட்' என்றுதான் பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அது இடைஞ்சல்தான். முழுசாகக் கட்ட வழியிருந்தால், தவணை கேட்டே எழுதுங்கள். கட்டி முடித்ததும் நிலுவை இல்லை என்ற சான்றிதழை மறக்காமல் வாங்கிவிடுங்கள்.