காமிராவின் கணக்கும் கண்ணின் கணக்கும்



கைத்தொலைபேசியில் காமிரா புகுந்தபின், புகைப்படம் எடுக்காத தமிழ்க் குடும்பமே இல்லை என்று கூறிவிடலாம். பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அது பொழுதுபோக்கு மட்டுமன்று. ஊரில் இருக்கும் பெற்றோர் பேரக்குழந்தையின் முகத்தைக் காண்பதும், அக்குழந்தை பாட்டியின் முகத்தை அறிவதும் பெரும்பாலும் படத்தின் வாயிலாகவே நிகழ்கின்றன. ஆயினும் அப்படங்களில் ஒரு குறை அடிக்கடி தென்படுகிறது. வாசலில் வெயிலில் இட்ட கோலம் தெளிவாக விழுந்திருக்கும். திண்ணை நிழலில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகமோ கரிய திட்டாகிவிடும். நேரில் நின்ற நம் கண், கோலத்தையும் பாட்டியையும் ஒருங்கே கண்டது. காமிராவின் படத்தில் மட்டும் ஏன் இவ்வேறுபாடு? இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் முக்கியமான ஒன்று ‘காமா திருத்தம்’ என்னும் கணக்கைப் பொறுத்தது. அதனையே இன்று காண்போம்.

முதலில் கண்ணின் இயல்பை நோக்குவோம். இருண்ட அறையில் ஓர் அகல் எரிகிறது. அருகில் இன்னோர் அகலை ஏற்றினால் அறையே மாறிவிட்டதாகத் தோன்றும். நூறு அகல்கள் எரியும் மண்டபத்தில் மேலும் ஒன்றை ஏற்றினால் எவரும் கவனியார். கூடிய ஒளி இரண்டிடத்தும் ஒன்றே, உணர்வுதான் வேறு. எவ்வளவு கூடியது என்பதைக் காட்டிலும், எந்த விகிதத்தில் கூடியது என்பதையே நம் புலன்கள் மதிக்கின்றன. ஜெர்மானிய அறிஞர் வேபர் கண்ட இவ்வுண்மையை, ஃபெக்னர் என்பார் 1860-இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு விதியாக வகுத்தார். செவியின் இயல்பும் இத்தகையதே. பழைய வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகும்போது ஒலி சீராக ஏறுவதாக நமக்குத் தோன்றியதற்குக் காரணம், உள்ளே இருந்த மின்தடை விகித முறையில் மாறுமாறு அமைக்கப்பட்டிருந்ததுதான்.

டிஜிட்டல் காமிராவில் உள்ள ஒளியுணர் சில்லு இவ்வாறு நடப்பதில்லை. அது வந்ததை வந்தபடி எழுதும் கணக்கப்பிள்ளையைப் போன்றது. ஒளி இருமடங்கானால் மின்னூட்டமும் இருமடங்கு. ஒளி பத்தில் ஒன்றானால் மின்னூட்டமும் பத்தில் ஒன்று. நிழலுக்கென்று சலுகை எதுவும் அதனிடம் கிடையாது.

இனி இக்கணக்கை ஏட்டில் பதிய வேண்டும். நாம் அன்றாடம் அனுப்பும் படங்களில், ஒவ்வொரு நிறத்தின் ஒளி அளவையும் குறிக்கப் பெரும்பாலும் 256 படிகளே உண்டு. கறுப்புக்கு 0, முழு வெளிச்சத்திற்கு 255. சில்லின் கணக்கை அப்படியே இப்படிகளில் பதிந்தால் விளைவு என்ன? வெளிச்சத்தின் மேற்பாதிக்கு மட்டும் 128 படிகள் போய்விடும். அடியில் உள்ள பத்தில் ஒரு பங்கிற்கு, அதாவது நிழலில் உள்ள முகம், கருங்கூந்தல், கோயிற் பிராகாரத்துத் தூண் ஆகிய அனைத்திற்கும் சேர்த்து, ஏறத்தாழ 25 படிகளே மிஞ்சும். கண் நுட்பமாக நோக்கும் இடத்தில் படிகள் குறைவு. வேறுபாடு தெரியாத வெளிச்சத்தில் படிகள் மிகுதி.

இப்பங்கீட்டைச் சீர்செய்வதே காமா திருத்தம். முழு வெளிச்சத்தை ஒன்று எனக் கொண்டு, ஒவ்வோர் ஒளி அளவின் பின்னத்தையும் 1/2.2 என்னும் அடுக்கிற்கு உயர்த்தி அதன்பின் பதிகிறார்கள். கீழ்ப் பத்தில் ஒரு பங்கு இப்பொழுது ஏறத்தாழ 90 படிகளைப் பெறுகிறது. மேற்பாதிக்கு 70 படிகள் அளவில் எஞ்சுகின்றன. மொத்தப் படிகள் கூடவில்லை. தேவை உள்ள இடத்திற்கு அவை பெயர்ந்தன, அவ்வளவே. படத்தைக் காட்டும் திரை, பதிந்த எண்ணை 2.2 என்னும் அடுக்கிற்கு உயர்த்திப் பழைய ஒளி அளவை மீட்டுத் தருகிறது. மொழிபெயர்ப்பாளர்களாகிய எங்களுக்கு இது புதிதன்று. ஒரு மொழியில் மாற்றி எழுதியதை, அம்மொழி அறிந்தவரே மீட்டுப் படிக்க இயலும்.

‘காமா’ என்னும் கிரேக்க எழுத்து இதற்குப் பெயரான வரலாறு பிலிம் காலத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர், பிலிமில் விழும் ஒளிக்கும் அது கருக்கும் அளவிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1890-இல் வெளியிட்டனர். அத்தொடர்பைக் காட்டும் கோட்டின் சரிவே காமா எனப்பட்டது. பின்னர் வந்த தொலைக்காட்சிப் படக்குழாயும் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் ஒளிர்வதில்லை எனக் கண்டு, அதற்கு ஈடுசெய்யும் திருத்தத்தை ஒளிபரப்பும் இடத்திலேயே செய்தனர். படக்குழாய் மறைந்த பின்னும் அக்கணக்கு மறையவில்லை. 1996-இல் முன்மொழியப்பெற்று 1999-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட நிற முறை, ஏறத்தாழ அதே வளைவைத்தான் கைக்கொண்டது.

பிலிம் காலத்தையும் டிஜிட்டல் காலத்தையும் ஒருங்கே கண்ட இடம் ஒன்று நம் அண்டை மாநிலத்தில் உண்டு. திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்திற்கு அருகே, கடலோரத்தில் இருப்பது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து எழுந்த முதல் ராக்கெட், அந்தி வானில் சோடியம் ஆவியைப் பரப்பியது. அவ்வாவி மேகம் நகர்வதைப் படமெடுத்து மேல்வானக் காற்றின் போக்கைக் கணிப்பது அம்முறையின் நோக்கம். மங்கும் வானில் மங்கலான மேகத்தின் விளிம்பு பிலிமில் பிரிந்து தெரிய வேண்டுமானால், அந்தப் பிலிமின் காமா எத்தகையது என்பது முக்கியம் அன்றோ?

நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 2008 நவம்பர் 14 அன்று, சந்திரயானிலிருந்து பிரிந்து சந்திரனின் தென்துருவப் பகுதியில் மோதிய கலம், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கியது. அதில் ஒரு வீடியோ காமிராவும் இருந்தது. காற்றில்லாத சந்திரனில், நிழலுக்குள் ஒளியைச் சிதறித் தரும் வானம் இல்லை. ஆகவே அங்கு நிழல் பூமியில் உள்ளதைவிட மிகவும் கரியது. பூமியில் திண்ணை நிழலில் நமக்கு நேரும் இடர், அங்கே பன்மடங்கு பெரிதாகிறது.

கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கப்பெற்ற டெக்னோபார்க்கில் இன்று தமிழ் இளைஞர் பலர் பணியாற்றுகின்றனர். அவர்கள் ஊருக்கு அனுப்பும் படங்களுக்கும் இக்கணக்கே பொருந்தும். எனவே அது தவறும் இடங்களையும் அறிந்துகொள்வது நல்லது. திருத்தாத படத்தைத் திரை தன் வழக்கப்படி காட்டினால் நிழல்கள் கருத்துவிடும். ஒரு முறை திருத்தியதை மீண்டும் திருத்தினால் படம் வெளிறிச் சாம்பல் பூத்துவிடும். சுருக்கிச் சேமித்துவிட்ட படத்தின் கரிய பகுதியைப் பின்னர் வலிந்து வெளிச்சமாக்கினால், இல்லாத படிகளை எங்கிருந்து கொணர்வது? பட்டை பட்டையான கறைகளும் புள்ளிகளுமே எழும்.

இக்குறைகளால் மிகவும் பாதிக்கப்படுபவை கரிய முகங்கள். கரிய தோல் தன்மேல் விழும் ஒளியில் சிறு பகுதியையே திருப்புகிறது. ஆதலால் அம்முகத்தின் சுருக்கமும் சிரிப்பும் அடிப்படிகளிலேயே எழுதப்படுகின்றன. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க வழங்கிய அட்டைகளில், நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண்ணின் உருவமே இடம்பெற்றிருந்தது. எவர் முகம் அளவுகோலாயிற்றோ அவர் முகமே நன்கு அமையும். இன்றைய கைத்தொலைபேசிகள் பல படங்களை இணைத்து நிழலை மீட்கும் திறன் பெற்றுள்ளன. ஆனால் முகத்தை ‘அழகாக்குவதாக’க் கூறி நிறத்தை வெளுக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. இவ்விரண்டும் ஒன்றல்ல. நிழலில் மறைந்த முகத்தை மீட்பது திருத்தம். மாநிற முகத்தை வெண்முகமாக்குவது திரிபு.

நாம் செய்யத்தக்கவை எளியவை. படமெடுக்கும்போதே திரையில் முகத்தைத் தொட்டு, ஒளி அளவை முகத்திற்கு ஏற்ப அமைத்துக்கொள்ளலாம். அரிய நிகழ்ச்சிகளில், காமிரா இடம் தருமாயின், சில்லின் கணக்கைச் சுருக்காமல் வைத்திருக்கும் ‘ரா’ கோப்பையும் சேமிக்கலாம். பெரும்பாலும் அதில் 4,096 அல்லது 16,384 படிகள் உண்டு. பின்னர்த் திருத்தும்போது, படம் முழுவதற்கும் ஒரே அளவு வெளிச்சத்தைக் கூட்டாமல், நடுத்தர ஒளியை மட்டும் உயர்த்தும் காமா வசதியைக் கையாளலாம். கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்க, இடையில் உள்ள முகம் வெளிப்படும்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, பாட்டியைத் திண்ணையிலேயே இருக்கச் செய்து இம்முறையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெயிலில் கோலம் சற்று வெளிறினாலும் குறையில்லை. பேரக்குழந்தை தேடப்போவது முகத்தைத்தான்.