இயந்திரம் எழுதும் பாயிரம்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நூலைப் பிறருக்கு அறிமுகஞ் செய்து வைப்பதற்கு உரியவர் யார்? நம் இலக்கணகாரர்கள் நெடுங்காலத்துக்கு முன்னரே இந்தக் கேள்வியை எழுப்பி விடையுங் கூறியிருக்கின்றார்கள். 13ஆம் நூற்றாண்டளவில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், நூலின் முகப்பிலே நிற்கும் சிறப்புப் பாயிரத்தைச் செய்யத் தகுந்தவர்கள் என நால்வரைக் குறிப்பிடுகின்றார். நூலாசிரியனுக்குக் கற்பித்தவன், அவனோடு கூடக் கற்றவன், அவனிடங் கற்ற மாணாக்கன், நூலுக்கு உரை காணும் தகுதி படைத்தவன் ஆகியோரே அந்நால்வர். தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதனால் நூலாசிரியனுக்கே கூட அந்த உரிமை வழங்கப்படவில்லை. தொல்காப்பியத்துக்குப் பாயிரஞ் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலையில் பயின்றவர் என்று உரையாசிரியர்கள் கூறுவர்.

இந்த நால்வருக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. நால்வரும் நூலைக் கற்றவர்கள். ஆசிரியனையும் அவன் வாழ்ந்த இடத்தையும் அறிந்தவர்கள். இன்று இந்த வரிசையில் ஐந்தாவதாக ஒருவர் வந்து நிற்கின்றார். செயற்கை நுண்ணறிவு என்பது அவர் பெயர். அவரிடம் ஒரு நூலின் பெயரைச் சொன்னால் போதும், சில நிமிடங்களில் படமும் குரலும் இசையுஞ் சேர்ந்த காணொளி ஒன்றைக் கையில் தந்துவிடுகின்றார். அவருக்குப் பாயிரம் பாடும் உரிமையைக் கொடுக்கலாமா என்பதே இன்று நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் பொருள்.

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சட்ஜிபிடி பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. அதன் பின்னர் எழுதித் தருவதும் படம் வரைந்து தருவதும் குரல் கொடுப்பதும் ஆகிய கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. 2025ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் நோட்புக் எல்.எம். என்னுங் கருவி, நாம் கொடுக்கும் ஆவணத்தை வைத்துக்கொண்டு விளக்கக் காணொளி செய்து தரும் வசதியையும் பெற்றது. நூல் அறிமுகத்துக்கென ஒரு மண்டபம் எடுத்து, பேச்சாளரை அழைத்து, அழைப்பிதழ் அடித்து, அறுபது கதிரைகள் போட்டு, இருபது பேர் வந்தால் மகிழும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரமாகவே தோன்றும். எனக்கும் அவ்வாறுதான் தோன்றியது.

நேயர்களே, மன்னாரிலே எழுதுபவர்களுக்குக் குறைவில்லை. வாசாப்பும் நாடகமும் ஊறிய மண் இது. பெருங்கடலையும் தீவுக்கரைகளையும் பின்னணியாகக் கொண்டு எஸ். ஏ. உதயன் போன்றோர் நாவல்கள் படைத்திருக்கின்றார்கள். ஆயினும் எங்கள் பகுதியில் அச்சாகும் நூல்கள் பல முந்நூறு பிரதிகளோடு நின்றுவிடுகின்றன. அவற்றுள்ளும் நூறு, எழுதியவரின் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட நூல் ஒன்றைப் பற்றியே சொல்லப் போகின்றேன்.

அது ஒரு சிறுகதைத் தொகுதி. எழுதியவர் கரைவலைக் குடும்பத்திற் பிறந்து ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர். 1990ஆம் ஆண்டில் ஊரே கலைந்தபோது வள்ளமேறி இந்தியாவுக்குச் சென்று, மண்டபம் முகாமில் இருந்தவர். கதைகள் எழுதிய கொப்பிகள் வீட்டோடு போய்விட்டன. திரும்பி வந்து, நினைவிலிருந்தே எல்லாவற்றையும் மீண்டும் எழுதினார். அத்தொகுதியிலே ஒரு கதை. கரைவலை இழுக்கும் ஒருவன் கடலில் இறந்துவிடுகின்றான். மறுநாள் வலை இழுப்பவர்கள் கயிற்றில் அவன் நிற்கும் இடத்தை வெறுமையாக விட்டு இழுக்கின்றார்கள். பங்கு பிரிக்கும்போது அந்த வெற்றிடத்தையும் ஓர் ஆளாகக் கணக்கிட்டு, அவன் மனைவிக்குப் பங்கு போகின்றது. சம்மாட்டி கேட்கின்றார், "அந்த இடத்தில நிண்டது ஆர்?" ஒருவரும் பதில் பேசவில்லை. அவ்வளவுதான் கதை.

எங்கள் கல்லூரியில் உயர்தரக் கலைப்பிரிவில் பயிலும் மாணவி ஒருத்தி, தமிழ்த்தினத்தை முன்னிட்டு இந்நூலுக்கு அறிமுகக் காணொளி ஒன்றைச் செய்து வந்தாள். இரண்டு நிமிடம். குரல் கம்பீரமாக இருந்தது. படங்கள் பளிச்சிட்டன. நானும் பாராட்டினேன். அவ்விடத்தில் நான் செய்த தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் நூலை வாசித்தாளா என்று கேட்கவில்லை. மாறாக, அந்தப் பெரியவர் மகிழ்வார் என்று நினைத்து அவரிடமே கொண்டுபோய்க் கைபேசியிற் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நல்லாயிருக்குத் தம்பி. ஆனா இந்தப் புத்தகத்தை நான் எழுதேல்லை."

வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் பார்த்தபோதுதான் அதன் உண்மை எனக்கு விளங்கியது. காணொளியின் குரல், அந்நூல் அலைகளோடு தனித்துப் போராடும் ஒரு மீனவனின் வீரக்கதை என்றது. அப்படி ஒரு கதை அத்தொகுதியில் இல்லவே இல்லை. கரைவலை என்றதும் இயந்திரம் வரைந்து கொடுத்த படத்தில், மாலைச் சூரியனுக்கு முன்னே தனியொருவன் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தான். கரைவலையோ இரு அந்தத்திலும் பலர் வரிசையாக நின்று கயிறு பிடித்து, மடியைக் கரையேற்றும் கூட்டுத் தொழில். எங்கள் பெருக்கமரம் அங்கே விழுது விட்ட ஆலமரமாகியிருந்தது. பனை நிற்க வேண்டிய இடத்தில் தென்னை நின்றது.

பாயிரம் சொல்ல வேண்டியவை என நன்னூல் எட்டு விடயங்களை வகுத்துள்ளது. நூலின் பெயர், செய்தவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, தொகுத்ததா விரித்ததா என்னும் யாப்பு, சொல்லவந்த பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இந்த எட்டையும் அளவுகோலாக வைத்து அக்காணொளியை அளந்து பார்த்தேன். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் சிறுகதைத் தொகுதி என்பதும் சரி. அவை மாணவியே தட்டச்சிட்டுக் கொடுத்தவை. வழி பிழை, எல்லை பிழை, பொருள் முழுப்பிழை. கேட்போர் யாரென்ற நினைப்பே இல்லை. பயன் என்ற இடத்தில், எல்லோரும் கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல் என்றொரு வாசகம் இருந்தது. எந்த நூலுக்கும் பொருந்தும் வாசகம் எந்த நூலுக்கும் உரியதாகாது.

ஏன் இப்படி நேர்கின்றது? இவ்வியந்திரங்கள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது வழக்கம் என்பதைக் கற்றுக்கொண்டவை. இணையத்தில் நிறைய எழுதப்பட்ட நூலென்றால் ஓரளவு சரியாகச் சொல்லும். முந்நூறு பிரதி அச்சான மன்னார்ச் சிறுகதைத் தொகுதியைப் பற்றி எங்கும் ஒரு வரியும் இல்லை. தெரியாது என்று வாய்மூடி இருப்பதற்குப் பதிலாக, கடல், மீனவன், ஈழம் என்ற சொற்களுக்கு அருகில் வழக்கமாக எவை வருமோ அவற்றைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடுகின்றது. அது ஏமாற்றுகின்றது என்று சொல்வதற்கில்லை. அதற்குக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை என்பதே உண்மை.

அப்படியானால் நூலையே கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கலாம். எழுதியவரின் அனுமதி முதலில் வேண்டும். அனுமதி கிடைத்தாலும், பக்கத்தைப் படம் பிடித்துக் கொடுப்பது வேறு, எழுத்தாகக் கொடுப்பது வேறு. தமிழ் அச்சை இயந்திரம் வாசிக்கும்போது காலும் ரகரமும் ஒன்றோடொன்று மயங்கும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னர் அச்சான நூல்களிலுள்ள பழைய ணா, றா, னா, லை, னை வடிவங்களில் அது மேலும் தடுக்கி விழும். பேச்சு வழக்கு வந்தால் சொல்லவே வேண்டாம். ஏட்டைப் பெயர்த்தெழுதுவோர் செய்த பிழைகளோடு சி. வை. தாமோதரம்பிள்ளை மல்லுக்கட்டிய வரலாற்றை நாம் வகுப்பிலே படிப்பிக்கின்றோம். 1887இல் கலித்தொகையை அச்சேற்ற அவர் பட்ட பாடு, வேறொரு வடிவத்தில் நம்மிடம் திரும்பி வந்திருக்கின்றது.

நானும் மாணவியும் மீண்டும் தொடங்கினோம். "சேர், முதல் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். "முதல் புத்தகத்தை வாசி" என்றேன். ஒரு கிழமையில் இரண்டு தரம் வாசித்தாள். நான் சொன்ன அந்தக் கதையை அவளே தேர்ந்தெடுத்தாள். பெரியவரின் அனுமதியோடு அதை முழுவதுமாகத் தட்டச்சிட்டாள். எட்டு விடயங்களுக்கும் தன் சொந்த வசனத்தில் எட்டுக் குறிப்புகள் எழுதினாள். அதன் பிறகே இயந்திரத்தை அழைத்தோம்.

இப்போது அது நல்ல வேலைக்காரனாக இருந்தது. இரண்டு நிமிடக் காணொளியில் நிதானமாகப் பேசினால் இருநூறு சொற்களுக்குச் சற்று மேலே அடங்கும். அவள் எழுதிய நானூறு சொற்களை அது பல விதமாகச் சுருக்கிக் காட்டியது. எதை வெட்டுவது என்பதை அவள் தீர்மானித்தாள். கதையின் முடிவைச் சொல்லிவிட்ட ஒரு சுருக்கத்தை அவளே அடித்துப் போட்டாள். எழுத்து வரிகளைக் குரலுக்குப் பொருத்தித் தந்தது. சிங்களத்தில் மொழிபெயர்த்துத் தந்ததை எங்கள் சிங்கள ஆசிரியை பார்த்து நான்கு இடங்களில் திருத்தினார். படங்களை மட்டும் அதனிடங் கேட்கவில்லை. விடியற்காலையில் கரைக்குப் போய், வலை இழுத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு கைபேசியிற் படம் பிடித்தோம். குரலையும் கேட்கவில்லை. பெரியவரே கதையின் கடைசிப் பந்தியை வாசித்தார். இருபது விநாடி. அவருடைய மூச்சிரைப்புங் கூடக் கேட்கும்.

வாசித்து முடித்ததும் அவர் ஒன்று சொன்னார். வடக்கின் சில கரைகளில் இப்போது ஆட்களுக்குப் பதிலாக உழவு இயந்திரம் பூட்டி வலையை இழுக்கின்றார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை நினைத்துத்தான் சொன்னார்: "மிசின் இழுத்தா ஆற்ற இடத்தைத் தம்பி வெறுமையா விடுறது?"

நேயர்களே, அந்தக் கேள்வி எனக்கு வலையைப் பற்றியதாக மட்டும் படவில்லை. கயிற்றிலே ஓர் இடம் வெறுமையாக இருக்கின்றது என்று தெரிய வேண்டுமானால், பக்கத்தில் நிற்பவனுக்கு அங்கே நின்றவனைத் தெரிந்திருக்க வேண்டும். நூல் அறிமுகமும் அத்தகையதே. எந்தக் கதையில் எந்தச் சொல் சொல்லப்படாமல் விடப்பட்டிருக்கின்றது என்பதை வாசித்தவரே அறிவார். இயந்திரம் அந்த இடத்தைக் கண்டால் உடனே எதையாவது வைத்து நிரப்பிவிடும்.

ஆகவே அந்த ஐந்தாமவருக்கு நான் சொல்லக்கூடிய தீர்ப்பு இதுதான். பாயிரம் செய்யும் உரிமை அவருக்கில்லை. பாயிரத்தைச் சுமந்து செல்லும் உரிமை தாராளமாக உண்டு. ஏட்டை எழுதியவன் வேறு, பல்லக்குத் தூக்கியவன் வேறு. அந்த மாணவியோ நூலைக் கற்றதனால் நன்னூல் சொன்ன நால்வரில் ஒருத்தியாகிவிட்டாள்.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. இயந்திரத்துக்குக் கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்ற நிலை மாற வேண்டும். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைக் கையாலே தட்டச்சிட்டுச் சேர்த்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த இந்த மண்ணில், 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவிட்டது. உங்கள் ஊரில் எழுதியவர் ஒருவர் இருந்தால், அவருடைய நூல் அங்கே இருக்கின்றதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் அவர் இருக்கும்போதே அனுமதி கேளுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒன்று. காணொளி முடிந்ததும் அதைக் கரைக்குக் கொண்டுபோய், எங்களுக்குப் படம் எடுக்க இடந்தந்தவர்களுக்குக் காட்டினோம். கயிறு பிடித்த கையோடு ஐந்தாறு பேர் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றார்கள். பெரியவரின் குரல் வந்தபோது ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் ஒரு இளைஞர் கேட்டார்: "சேர், இந்தப் புத்தகம் எங்க எடுக்கலாம்?"

பெரியவரின் அலுமாரியில் இப்போது ஏழு பிரதிகள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று அன்று மாலையே அந்த வாடிக்குப் போய்ச் சேர்ந்தது.