நாலு பேர், ஒரே பேச்சு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "ஃபைனல் இயர் பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க தம்பி" என்றார். வாழ்க்கைத் தத்துவம் பேச எனக்கு இன்னும் வயசு வரவில்லை, முப்பத்தாறுதான் ஆகிறது. ஆகவே எனக்குத் தெரிந்த சின்ன விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ப்ராஜெக்ட் ரிவ்யூவில் நாலு பேர் சேர்ந்து நின்று, ஸ்லைடு காட்டிப் பேசுவது எப்படி என்பதுதான் அது.

முன்வரிசையில் இருக்கும் மூத்தவர்கள் காலத்தில் ஓ.எச்.பி. இருந்தது. ஒரு ஷீட் எழுத வேண்டுமென்றால் மார்க்கர் பேனாவும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அதனால் எண்ணி எண்ணித்தான் எழுதினார்கள். 1987-இல் மக்கின்டோஷ் கணினிக்காகப் பவர்பாயிண்ட் வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்றைக்கு ஸ்லைடுக்குச் செலவே கிடையாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தலைப்பைச் சொன்னால் இருபது ஸ்லைடு வந்து விழுகிறது. பத்து நிமிஷப் பேச்சுக்கு முப்பத்தைந்து ஸ்லைடு கொண்டு வருகிற பேட்ச்சுகளை நம் ஆசிரியர்கள் பார்த்திருப்பார்கள்.

சரி, அந்த முப்பத்தைந்தையும் நாலு பேருக்குள் எப்படிப் பிரிக்கிறோம்? ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் அறையில் பாகப்பிரிவினை நடக்கும். நல்லா இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு இன்ட்ரொடக்‌ஷன், ரிசல்ட் இரண்டும். அடுத்தவனுக்கு லிட்டரேச்சர் சர்வே. மூன்றாமவனுக்கு பிளாக் டயக்ராம். மிச்சம் ஒருத்தன் இருப்பான். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன், கூச்ச சுபாவம். அவனுக்கு 'தேங்க் யூ' ஸ்லைடு. "மச்சி, நீ அதை மட்டும் சொல்லிடு, போதும்" என்பார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. அவனுக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறோம்.

எங்கள் வகுப்பில் ஒரு பேட்ச், மண்ணின் ஈரத்தைப் பார்த்து மோட்டாரைத் தானே ஓட்டும் கருவி செய்தார்கள். வைவா அன்றைக்கு எக்ஸ்டர்னல் ஒரு கேள்வி கேட்டார்: "ஈரம் நீங்க வைத்த அளவுக்குப் பக்கத்திலேயே ஏறி இறங்கிக்கொண்டு இருந்தால், மோட்டார் ஆன் ஆகி ஆஃப் ஆகி ரிலே போயிடாதா?" மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் நின்ற 'தேங்க் யூ' பையன், "சார், தமிழ்ல சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு, போர்டில் ஒரு படம் போட்டான். மோட்டார் ஓடத் தொடங்கும் அளவு ஒன்று, நிற்கும் அளவு அதைவிடக் கொஞ்சம் மேலே. இரண்டுக்கும் நடுவில் ஈரம் எப்படி ஆடினாலும் ரிலே அசையாது. ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டதைக் கண்டுபிடித்து, இரண்டு வாரம் லேபில் உட்கார்ந்து சரி செய்தவனே அவன்தான். அந்த ப்ராஜெக்டிலேயே உருப்படியான வேலை அது. ஆனால் முப்பத்தைந்து ஸ்லைடில் ஒன்றில்கூட அது இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் பிரிக்கிற விதத்தில் முக்கியமான விஷயம் கீழே போய்விடுகிறது. அது தெரிந்த ஆள் கடைசியில் போய் நிற்கிறான்.

இது கல்லூரியோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. 82-ஆவது விநாடி வாக்கில், வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக் காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அந்த அடி ஆபத்தானதா என்று போயிங் பொறியாளர்கள் கணக்குப் போட்டு, நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். ஆனால் அடியில், பொடி எழுத்தில் ஒரு தகவல் கிடந்தது. சோதனை செய்து பார்த்த துண்டு 3 கன அங்குலம். இறக்கையில் மோதியதாகக் கணித்த துண்டோ 1920 கன அங்குலம். அறுநூற்று நாற்பது மடங்கு! அதாவது, அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதே உண்மையான செய்தி. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் மாண்டார்கள்.

விபத்துக்குக் காரணம் நுரைத் துண்டு, ஸ்லைடு அல்ல. ஆனாலும் விசாரணைக் குழு 2003 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்து அலசியது. முறையான பொறியியல் அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்லைடை வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் குறை கூறியது. 1920 என்ற எண் மேலே இருந்திருந்தால் யாராவது ஒருவர், "என்னய்யா இது?" என்று கேட்டிருக்கலாம்.

ஆகவே தம்பி தங்கைகளே, எனக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலில், கம்ப்யூட்டரைத் திறக்காதீங்க. நாலு பேரும் உட்கார்ந்து, ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்க. நாம் கண்டுபிடித்தது என்ன? அது எங்கே வேலை செய்யாது? அந்த ஈரக் கருவியையே எடுத்துக்கொண்டால், "தேவைப்பட்டபோது மட்டும் மோட்டார் ஓடுகிறது; ஆனால் உப்பு அதிகமுள்ள மண்ணில் சென்சார் ஈரத்தைக் கூட்டிக் காட்டுகிறது." இந்த இரண்டு வரியும் முதல் இரண்டு ஸ்லைடுக்குள் வந்துவிட வேண்டும். குறையைச் சொன்னால் மார்க் போய்விடும் என்று பயப்படாதீங்க. நாம் சொல்லாவிட்டால் எக்ஸ்டர்னல் கேட்பார். அது இன்னும் கஷ்டம்.

இரண்டாவது, தலைப்பில் 'ரிசல்ட்' என்று மட்டும் போடாதீங்க. என்ன ரிசல்ட் என்பதை முழு வாக்கியமாகப் போடுங்க. தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை புரிய வேண்டும்.

மூன்றாவது, எந்த வேலையை யார் செய்தார்களோ, அதை அவர்களே பேசட்டும். தமிழில் விளக்கலாமா என்று கைடிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்க. இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்றால், சின்னச் சின்னதாக ஆறு வாக்கியம் போதும். நல்லா பேசுகிற நண்பன் கூட உட்கார்ந்து அந்த ஆறையும் பழக்கி விடட்டும். உதவி என்றால் அதுதான் உதவி. அவன் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்கிக்கொள்வது உதவி ஆகாது.

நாலாவது, இரண்டு நாள் முன்னாடி சீட்டுக் குலுக்கிப் போடுங்க. யாருக்கு எந்தப் பகுதி வருகிறதோ, அதை அவர் பேச வேண்டும். அடுத்தவன் பகுதியைப் பேச முயலும்போதுதான் எது புரியவில்லை என்று தெரியும். கேட்பதற்கு வேறு டிபார்ட்மெண்ட் நண்பன் ஒருவனைக் கூட்டி வாங்க. அவனுக்கு விளங்காத இடம்தான் திருத்த வேண்டிய இடம்.

ஐந்தாவது, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும்போது, "நெக்ஸ்ட் என் ஃப்ரெண்ட் பேசுவார்" என்று தள்ளிவிடாதீங்க. "மோட்டார் ஓடியது. ஆனால் ரிலே அடித்துக்கொண்டது. அதை எப்படிச் சரி செய்தோம் என்று இவர் சொல்வார்" என்று கை மாற்றிக் கொடுங்க. கேள்வி வந்தால், அந்த வேலையைச் செய்தவர் பதில் சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

மற்றதெல்லாம் வீட்டு வேலை மாதிரி. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, எழுத்து தெரிகிறதா என்று பாருங்க. பென்டிரைவில் பி.டி.எஃப். காப்பி ஒன்று வையுங்க. ப்ரொஜெக்டர் வயர் உங்க லேப்டாப்பில் சேருமா என்பதை முதல் நாளே சரி பாருங்க.

நான் வேலை பார்க்கும் தொழிலில், மெஷினில் வித்தியாசமான சத்தம் வந்தால் அதை முதலில் கேட்பவர் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் இளைஞர்தான். மீட்டிங்கில் அவர் எழுந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நாலு வருஷமும் 'தேங்க் யூ' மட்டுமே சொல்லிப் பழகியவர் அன்றைக்கும் வாய் திறக்க மாட்டார். அதற்கு விலை பணமாகவும் இருக்கலாம், ஒருவருடைய கையாகவும் இருக்கலாம்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் ரிவ்யூவுக்கும் வைவாவுக்கும் எக்ஸ்டர்னலாகப் போகிறோம். அடுத்த முறை போகும்போது, வரிசையில் கடைசியாக நிற்கும் பிள்ளையிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள். "தமிழ்லயே சொல்லுப்பா", "சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள்.