வெளுத்துப்போன பம்பர்



1896ஆம் ஆண்டிலேயே டான் சாய் யான் அவர்கள் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட மாநிலம் நம் மலாக்கா. ரப்பர் ஷீட்டைக் கடும் வெயிலில் நெடுநேரம் விட்டால் பிசுபிசுக்கும் என்பது நாம் அறிந்ததே. காரின் கறுப்புப் பகுதிகளையும் அந்த வெயிலே கெடுக்கின்றது.

1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் பழைய வண்டிகள் சில ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் இன்றும் ஓடுகின்றன. அவற்றின் பம்பர் சாம்பல் நிறமாகிவிடுவதேன்? வெயிலைத் தாங்கும் பொருட்டு அந்தப் பிளாஸ்டிக்கில் புகைக்கரி கலக்கப்படுகின்றது. ஆயினும் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பைச் சிதைத்து நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. வெளுப்பு மேற்பரப்பில்தான், உள்ளே கருமை அப்படியே இருக்கின்றது.

பளபளப்புக்காக மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் எண்ணெயோ தடவுகிறவர்கள் உண்டு. இது வீண் வேலை மட்டுமன்று, கேடுமாகும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பித் தளரும். பிறகு மழைநீர் கதவுக்குள் இறங்கும், தகரம் துருப்பிடிக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை மருத்துவமனைக்கும் ஏற்றிச்செல்லும் வண்டி அல்லவா அது!

சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, நிழலில் நன்கு உலர்த்துவோம். கடையில் கிடைக்கும் சிலிக்கோன் கலந்த பூச்சைத் துணியால் மெல்லியதாகத் தடவி, மிகுதியைத் துடைத்தெடுப்போம். சில வாரங்களில் மீண்டும் தடவவேண்டி வரும். மிகவும் வெளுத்துவிட்டதெனில், உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்குரிய கறுப்புச் சாயம் அடிப்பதே தக்கது.

டயரின் பக்கவாட்டில் அப்பூச்சைத் தடவலாம். சாலையைத் தொடும் பகுதியில் ஒரு துளியும் படலாகாது. மழையில் வண்டி வழுக்கிவிடும்.