இராகுவுக்கு ஒன்றரை மணி, மனிதனுக்கு?

(சூரமங்கலம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



நாடகக்காரர், கூத்துக்காரர், சினிமாத் தொழிலாளர் ஆகியவர்களுடைய அலைச்சலையும் ஓயாத வேலையையும் பற்றி இன்று நாம் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு, "சினிமாக்காரனுக்கு என்னய்யா கஷ்டம்?" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நட்சத்திரம் என்று பேர் வாங்கிய பத்திருபது பேருக்காக வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. அவர்களுக்குக் குளிர் வண்டி உண்டு, குடை பிடிக்க ஆளும் உண்டு. அந்த வண்டியை ஓட்டுகிறவன், அந்தக் குடையைப் பிடிக்கிறவன், உயரத்தில் ஏறி விளக்குக் கட்டுகிறவன், கூட்டத்தில் ஒருத்தியாய் நின்று ஆடுகிறவள், நம் ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு வந்து விடிய விடியக் கட்டை கட்டி ஆடுகிறவன் ஆகிய இவர்கள் எப்போது தூங்குகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

இதைப் பேசுவதற்கு இந்தச் சூரமங்கலம் பொருத்தமான ஊர்தான். சேலம் ஜங்ஷன் இங்கேதான் இருக்கிறது. 1935ல் டி. ஆர். சுந்தரம் அவர்கள் ஏற்காடு ரஸ்தாவில் மாடர்ன் தியேட்டர்சை ஏற்படுத்திய பிறகு, நடிகர்களும் பாட்டுக்காரர்களும் வசனம் எழுதுகிறவர்களும் மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கிய இடம் இந்த ஸ்டேஷன். சென்னையிலிருந்து இங்கே ஏறத்தாழ 330 கிலோமீட்டர். இரவெல்லாம் ரயிலில் உட்கார்ந்து வந்து, காலையில் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு விளக்கின் முன் நிற்கவேண்டும். மலையாளத்தின் முதல் பேசும் படமாகிய "பாலன்" 1938ல் வந்ததும், தமிழில் முழுவதும் வர்ணத்தில் வந்த முதல் படமாகிய "அலிபாபாவும் 40 திருடர்களும்" 1956ல் வந்ததும் அந்தக் கம்பெனியிலிருந்துதான். இன்று அதன் முகப்பு வளைவுதான் ஏற்காடு ரஸ்தாவில் மிச்சமாய் நிற்கிறது.

அந்தச் சுந்தரம் அவர்கள் சீமையில் லீட்ஸ் நகரத்தில் நெசவுத் தொழில் படித்தவர். ஆலை நடத்துகிற மாதிரியே படக்கொட்டகையையும் நடத்தினார். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்தார். எவ்வளவு பெரிய நடிகரானாலும் குறித்த நேரத்துக்கு வந்தாகவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர் என்பது சேலத்துக்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இதை எதற்காகச் சொல்லுகிறோம் என்றால், "கலை என்பது கடிகாரத்துக்குக் கட்டுப்படாது" என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டுப்படும் என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. உள்ளே வருவதற்குக் கடிகாரம் பார்க்க முடியுமானால், வெளியே போவதற்கு மாத்திரம் ஏன் பார்க்கக்கூடாது?

ஏன் பார்ப்பதில்லை என்றால், வேலையை வேலை என்று சொல்லாமல் "கலைமகள் சேவை" என்று சொல்லிவிட்டதால்தான். கூலிக்காரன் மணிக்கணக்குக் கேட்கலாம், பக்தன் கேட்கலாமா? கேட்டால் அவனுக்குக் கலை ஆர்வம் இல்லை என்று பட்டம் கட்டிவிடலாம் அல்லவா? பூசாரி சாமி பேரைச் சொல்லிக் காணிக்கை வாங்குகிறார். முதலாளி சரஸ்வதி பேரைச் சொல்லி இரண்டு மணி நேரம் அதிக வேலை வாங்குகிறார். நமக்கு இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

அவர்களுக்கு நேரக் கணக்கே தெரியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். படத்துக்குப் பூஜை போடுகிறபோது பஞ்சாங்கத்தைப் பிரித்து, நிமிஷம் பிசகாமல் முகூர்த்தம் பார்க்கிறார்கள். இராகு காலத்துக்கு ஒன்றரை மணி நேரம், எமகண்டத்துக்கு ஒன்றரை மணி நேரம், குளிகைக்கு ஒன்றரை மணி நேரம். ஆக, கண்ணுக்குத் தெரியாத இந்த மூன்று பேருக்கும் சேர்த்து தினம் நாலரை மணி நேரம் பங்கு ஒதுக்கியாகிறது. எதிரிலே கண் சிவந்து நிற்கிற லைட்மேனுக்குத் தூங்க எத்தனை மணி நேரம் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. படம் முடிந்தால் பூசணிக்காய் உடைக்கிறார்கள், திருஷ்டி போவதற்காம். இரவு பகலாக விழித்தவன் கை தவறி விளக்கைக் கீழே போட்டால் அதுவும் திருஷ்டியாம்! தோழர்களே, விழித்திருக்கிறவன் கண் கெட்டுப்போனதற்கு, பார்க்கிறவன் கண்ணைக் குறை சொல்லுகிற வைத்தியம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

நிற்க. சினிமாவை விடுங்கள், அது நமக்குத் தூரம். நமக்குப் பக்கத்திலிருக்கிற கூத்தைப் பார்ப்போம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் பண்டிகைக் காலம் வந்துவிட்டால் கூத்துக்காரருக்கு ஓய்வு கிடையாது. அவர்களில் அநேகர் பகலில் தறி நெய்கிறவர்கள், காட்டு வேலை செய்கிறவர்கள், தச்சு வேலைக்குப் போகிறவர்கள். ஊர்க் கமிட்டியார் வெற்றிலை பாக்கும் அச்சாரமும் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அன்று சாயந்திரம் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டு, நாற்பது ஐம்பது கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு வந்து இறங்குகிறார்கள். உட்கார்ந்து முகத்தில் வர்ணம் எழுதவும், மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் வைத்துக் கட்டவும் நெடுநேரம் ஆகிறது. இரவு பத்து மணிக்குமேல் கட்டியங்காரன் வந்தால், கடைசிக் கட்டம் முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். அவ்வளவு நேரமும் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றி ஆடவேண்டும், உச்சக் குரலில் பாடவும் வேண்டும். நடுவில் கொஞ்சம் தொய்ந்தால், "பணம் கொடுத்தது தூங்குவதற்கா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும். விடிந்ததும் வர்ணத்தைத் துடைத்துவிட்டு, அதே டெம்போவில் அடுத்த ஊர்.

அப்படிப்பட்டவன் விழித்திருப்பதற்காக இரண்டு மிடறு குடித்தால், "கூத்தாடிகளே குடிகாரர்கள்" என்று பேர் வைக்கிறோம். விடிய விடிய விழிக்க வைத்தவர்கள் நாம். குடித்தான் என்று ஒதுக்கி வைக்கிறவர்களும் நாம். அவன் தர்மராஜா வேஷத்தில் நிற்கிறபோது கும்பிடு போட்டுவிட்டு, வேஷத்தைக் கலைத்த பிறகு திண்ணையில் உட்காரவிடாத யோக்கியர்களும் நம்மிடத்தில் உண்டு.

"விடிய விடிய ஆடினால்தான் அம்மனுக்குத் திருப்தி" என்கிறார்கள். இதில் அம்மனுடைய திருப்தி எங்கே இருக்கிறது? பழைய காலத்தில் பத்துக் கல் தூரத்திலிருந்து ஜனங்கள் நடந்து வந்தார்கள். வழியில் விளக்கில்லை, வண்டியில்லை, பாம்பு பயம், திருட்டுப் பயம். நடு ராத்திரியில் கூத்தை முடித்துவிட்டால் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? விடிகிற வரையில் அவர்களை ஒரே இடத்தில் உட்கார வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது என்பதுதான் நமக்குத் தோன்றுகிறது. இன்று வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது, தெருவுக்குத் தெரு மின்சார விளக்கு எரிகிறது. காரணம் போய்விட்டது, காரியம் மட்டும் சாமி பேரில் நடக்கிறது. நம் நாட்டில் அநேக சடங்குகளின் கதையே இதுதான். மேலும், பார்க்கிற நெசவாளிக்கும் மறுநாள் தறி ஓடுவதில்லை, ஒரு நாள் கூலி போய்விடுகிறது. பாதிப் பேர் நடுச்சாமத்திலேயே பாய் விரித்துத் தூங்கிவிடுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அப்புறம் யாருக்காக அவன் ஆடுகிறான்?

இப்போது டெம்போ ஓட்டுகிறவனிடம் வருவோம். நாம் கூட்டத்துக்குக் கூட்டம் ராத்திரியில் பிரயாணம் செய்கிறவர்களாதலால் இது நமக்கு அனுபோகத்தில் தெரிந்த விஷயம். கண் திறந்தபடியே இருக்கும், புத்தி தூங்கிவிடும்.

1997ல் ஆஸ்திரேலியாவில் இதைப் பரீட்சித்தே பார்த்திருக்கிறார்கள். சிலரைத் தூங்கவிடாமல் வைத்து, கையும் கண்ணும் ஒத்து வேலை செய்கிற திறமையை அளந்தார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நாள் சாராயம் கொடுத்து அளந்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவனுடைய நிலைமை, ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடைய நிலைமைக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்தவன் 100 மில்லிகிராம் ஏறியவனுக்குச் சமம். நம் நாட்டு மோட்டார் சட்டப்படி 30 மில்லிகிராமுக்குமேல் இருந்தாலே குற்றம். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் தறி நெய்து, இரவு கூத்துக்கு வண்டி ஓட்டி வந்து, மறுநாள் விடியற்காலம் திரும்புகிறவன் 24 மணி நேரம் விழித்தவன். போலீஸ்காரர் அவன் வாயை ஊதச் சொன்னால் ஒன்றும் தெரியாது. ஆனால் புளியமரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வண்டி மரத்தில் மோதி மூன்று பேர் செத்தால், "விதி முடிந்துவிட்டது" என்று பேசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

இதே 1997ல் அமெரிக்காவில், ஹாலிவுட்டில், ஒரு உதவிக் காமிராக்காரர் 19 மணி நேரம் வேலை செய்துவிட்டுக் காரோட்டி வீட்டுக்குப் போகும்போது தூங்கிவிட்டு விபத்தில் மாண்டார். அங்கே உள்ளவர்கள் அதை விதி என்று சொல்லி விட்டுவிடவில்லை. ஹாஸ்கெல் வெக்ஸ்லர் என்கிற பெயர்பெற்ற ஒளிப்பதிவாளர், "12 மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது, இரண்டு வேலைக்கு நடுவில் 12 மணி நேரம் ஓய்வு வேண்டும்" என்று கிழ வயதிலும் பிரச்சாரம் செய்தார். 2006ல் அதைப் பற்றி ஒரு படமே எடுத்தார். 2021ல் அந்த நாட்டுச் சினிமாத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேருக்கான வேலை நிறுத்தத்துக்கு ஓட்டுப் போட்டபிறகுதான், தினம் 10 மணி நேர ஓய்வு என்பது உடன்படிக்கையில் ஏறிற்று. வெக்ஸ்லர் கேட்டதில் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. அவ்வளவு பணம் புரளுகிற நாட்டிலேயே இதற்கு 24 வருஷம் ஆகியிருக்கிறது என்றால், இங்கே வாய்மூடிக் கிடந்தால் எத்தனை வருஷமாகும்?

நாம் 8 மணி நேரத்தைப் பற்றிப் பேசாதவர்களும் அல்ல. 1923ல் சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலு மே தினம் கொண்டாடினார். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கிற திருத்தம் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எல்லாம் கிளம்பின, மே 1ந் தேதியன்று அது வாபசாயிற்று. சந்தோஷம். ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு 12 மணி என்றதும் கொதித்த அதே நாடு, கூத்துக்காரனுக்கும் லைட்மேனுக்கும் 16 மணி நேரமானாலும் கொட்டாவி விட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது.

"லைட்மேனே டபுள் பேட்டா கிடைக்கும் என்று ராத்திரி வேலை கேட்கிறானே" என்று ஒரு சமாதானம் சொல்லுகிறார்கள். கேட்கத்தான் செய்வான். மாதத்தில் பாதி நாள் வேலையில்லாதவன், கிடைத்த நாளில் இரண்டு நாள் வேலையைச் செய்யப் பார்க்கிறான். பசித்தவன் அவசரமாகத் தின்கிறான் என்பதற்காக, அவனுக்கு அவசரமாகத் தின்பதில் பிரியம் என்று சொல்லலாமா? பகல் கூலி போதுமானதாக இருந்தால் அவனும் பிள்ளை குட்டிகளோடு வீட்டில் படுப்பான்.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். 2024ல் வெளிவந்த மலையாள சினிமாவைப் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கையில், படப்பிடிப்பு இடங்களில் கக்கூஸ் வசதி இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்து நோய்ப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறது. நம் ஊர்களுக்கு வருகிற ஸ்பெஷல் நாடகப் பெண்கள் இருட்டில் எந்த வேலி ஓரம் ஒதுங்குகிறார்கள் என்று எந்தக் கமிட்டியாராவது கேட்டதுண்டா? 2025ல் தீபிகா படுகோனே என்கிற இந்தி நடிகை, குழந்தை பெற்றபிறகு தமக்கு 8 மணி நேர வேலை வேண்டுமென்று கேட்டதாகச் செய்தி வந்தது. அவ்வளவு புகழுள்ள பெண் கேட்டதற்கே நாடெங்கும் பெரிய வாக்குவாதம் கிளம்பிற்று. பேரில்லாத பெண் கேட்டால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது.

ஆகையால் இங்கே வந்திருக்கிற கிராமத்துத் தோழர்களை, பண்டிகைக் கமிட்டிகளில் இருக்கிற வாலிபர்களை, நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். சட்டம் வருகிறபோது வரட்டும். அடுத்த பங்குனிக்கு அச்சாரம் கொடுக்கும்போதே, சாயந்திரம் ஆறரை மணிக்குக் கூத்தைத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடிப்பது என்று பேசிவிடுங்கள். நேரம் குறைந்ததற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். வந்த ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்தையோ சாவடியையோ திறந்துவிட்டு, பாய் போட்டுப் படுக்க வைத்துக் காலையில் அனுப்புங்கள். முக்கியமாக டிரைவரைப் படுக்க வையுங்கள். பெண்கள் வந்தால் ஒரு வீட்டில் இடம் கொடுங்கள். எந்த ஜாதி என்று விசாரித்துவிட்டு இடம் கொடுப்பதானால் அது வேண்டாம், அதற்கு அவர்கள் வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் ஆகிற செலவு, வாணவேடிக்கையில் நான்கு வெடியைக் குறைத்தால் மிச்சமாகிவிடும். கதையைச் சுருக்கினால் கூத்துக் கெட்டுப்போகும் என்று வாத்தியார் சொன்னால், இரண்டு நாளாகப் பிரித்து ஆடச் சொல்லுங்கள். அவருக்கும் இரண்டு நாள் கூலி.

மணி ஒன்பதாகப் போகிறது. ஒன்பதுக்குக் கூட்டத்தை முடிப்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறபடியாலும், ஓமலூர்ப் பக்கத்துத் தோழர்கள் பஸ்சுக்குப் போகவேண்டியிருப்பதாலும், நாம் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.